துடுப்புப் படகும் தூண்டிலும்: எண்ணூரா, பழவேற்காடா, முட்டுக்காடா?

வருகிற மாசி மாதத்தில் இரண்டு பகல் பொழுதைத் தண்ணீரிலேயே கழிப்பதென்று திருவொற்றியூரில் நாங்கள் நான்கு பேர் முடிவு செய்திருக்கிறோம். இரண்டு சிறிய படகுகள், ஆளுக்கொரு தூண்டில், என்ஜின் கிடையாது. போவதும் வருவதும் துடுப்பு வலித்துத்தான். ஆள் நடமாட்டம் குறைந்த நீர்ப்பரப்பாக இருக்க வேண்டும், மீன் கிடைக்க வேண்டும், கிடைத்த மீனைப் பயமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பவை எங்கள் தேவைகள். வடசென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இவற்றுக்கு ஓரளவு பொருந்தும் நீர்நிலைகள் எல்லாவற்றிலும் மோட்டார் படகுகள் ஓடுகின்றன. ஆகவே மோட்டார் படகே இல்லாத இடத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, அவற்றோடு எங்கே இடைஞ்சலில்லாமல் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்ற ஒரே கேள்வியை வைத்து ஒவ்வோர் இடத்தையும் எடைபோட்டுப் பார்த்தோம்.

ஏரி என்றதும் நம் பக்கத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவை புழலும் சோழவரமும்தான். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தையும் சிலர் சொன்னார்கள். இவை மூன்றும் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள்; நம் விருப்பத்துக்குப் படகை இறக்கும் இடங்கள் அல்ல. அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொண்டோம்.

முட்டுக்காட்டில் அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் 1984-இலிருந்து நடக்கிறது. உயிர்காப்புச் சட்டை தருகிறார்கள், கரையில் கண்காணிக்க ஆள் இருக்கிறார், கட்டணம் கட்டினால் போதும், யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஓடும் விரைவுப் படகுகள் பிழைப்புக்காக ஓடுபவை அல்ல, சவாரிக்காக ஓடுபவை. அவற்றுக்குக் குறிப்பிட்ட நேரமும் இல்லை, குறிப்பிட்ட தடமும் இல்லை; விடுமுறை நாட்களில் காலை முதல் மாலை வரை ஒரே வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வருகின்றன. தூண்டில் போட்டுக் காத்திருக்கும் ஒருவனுக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. திருவொற்றியூரிலிருந்து நகரம் முழுவதையும் கடந்து போக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், படகு கவிழ்ந்தால் மீண்டும் ஏறிக்கொள்வது எப்படி என்று பழகிக்கொள்ள மட்டுமே முட்டுக்காடு ஏற்றது என்பது என் கருத்து.

எண்ணூர் எங்களுக்கு வீட்டு வாசல் மாதிரி. பேருந்தில் அரை மணி நேரம். 136 கிலோமீட்டர் ஓடிவரும் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம் அது. வடக்கே பழவேற்காட்டிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயும் தெற்கே நகரத்திலிருந்து வரும் அதே கால்வாயும் இங்கே கழியில் கலக்கின்றன. முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்களிலிருந்து ஃபைபர் படகுகள் விடியலுக்கு முன்பே கடலுக்குப் போய், முற்பகலில் திரும்புகின்றன. அந்தப் போக்குவரத்து முழுவதும் ஒரு குறுகலான வாய்க்குள் நடக்கிறது; ஒதுங்குவதற்குப் பக்கத்தில் இடமில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த நெருக்கடியின் பொருளை நேரிலேயே தெரிந்துகொண்டேன். என் மாமாவின் சிறிய தோணியில் நானும் அவரும் பாலத்துக்கு மேற்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். தங்கூசி நூலில் ஏதோ இழுப்பது தெரிந்து, துடுப்பை மடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் சுற்றத் தொடங்கினேன். எதிரே வந்த ஃபைபர் படகு எங்களைப் பார்த்து மரியாதையாக வேகத்தைக் குறைத்தது. அது கடந்துபோன பிறகு வந்த அலை, நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு உயரமாக எழுந்து, பக்கவாட்டில் மோதி, தோணிக்குள் முழங்கால் அளவு தண்ணீரை ஊற்றிவிட்டது. தூண்டிலும் இரைப்பெட்டியும் போயின. படகுக்காரர் பதறிப்போய்த் திரும்பி வந்து உதவினார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. “சத்தம் கேட்டா துடுப்ப வெளிய எடுக்காத, தண்ணிக்குள்ளயே வெச்சி அழுத்திக்க, மூஞ்ச அலைக்குக் காட்டு, முதுகக் காட்டாத” என்று மாமா அன்றைக்குச் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது.

வேகத்தைக் குறைத்த படகு ஏன் பெரிய அலையை எழுப்பியது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீரின் ஆழம் குறையக் குறைய, அதில் அலை ஓடக்கூடிய உச்ச வேகமும் குறைகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். மூன்று மீட்டர் ஆழத்தில் சுமார் 20 கிலோமீட்டர். படகு ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடும்போது, அது எழுப்பும் அலை விலகிப் போக வழியில்லாமல் படகோடு சேர்ந்தே குவிந்து மிகப் பெரிதாகிறது. ஆகவே ஆழமில்லாத கழியில் மோட்டார் படகைக் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்வது உதவி ஆகாமலும் போகலாம். நடக்கிற வேகத்துக்கு இறங்க வேண்டும், அல்லது நாம் தள்ளியிருக்க வேண்டும். பிழைப்புக்குப் போகிற படகை நடக்கிற வேகத்தில் போகச் சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை. எனவே தள்ளியிருக்க இடமுள்ள நீரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு அன்று வந்தேன். இந்த அலசல் முழுவதற்கும் அதுவே அளவுகோல்.

எண்ணூருக்கு இன்னொரு குறை உண்டு. அதை எழுதும்போது மனம் கனக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கழியில் படிந்து, ஒரு காலத்தில் ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடங்கள் மேடாகிவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து படகுகள், வலைகள், வீட்டுச் சுவர்கள், கூழைக்கடாக்கள் என்று எதையும் விடாமல் அப்பிக்கொண்டது. அலையாத்திச் செடிகளின் தண்டுகளில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்திருந்ததை நானே விரலால் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பு சோப்பு போட்டும் போகவில்லை. அந்தக் கழியை நம்பி வாழும் மீனவர்களும், கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் இந்தக் கேட்டைச் செய்தவர்கள் அல்லர், அதைச் சுமப்பவர்கள். ஆனாலும் பொழுதுபோக்குக்குப் போகிற நாங்கள் அங்கே பிடிக்கும் மீனைப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்க மாட்டோம்.

பழவேற்காட்டைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி அது. நீளம் சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனால் எங்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான் என்பதுதான் துடுப்புக்காரனுக்குக் கிடைத்த வரம். மோட்டார் படகின் விசிறி சுழலக் குறைந்தது அரை மீட்டர் தண்ணீராவது வேண்டும். எங்கள் படகுக்கு ஒரு சாண் போதும். கடலுக்குப் போகிற ஃபைபர் படகுகள் ஊரிலிருந்து முகத்துவாரம் வரையிலான ஆழமான தடத்தையே பிடித்து ஓடுகின்றன. அந்தத் தடத்தைக் குறுக்காக ஒரே மூச்சில் கடந்து மேற்கே ஒதுங்கிவிட்டால், என்ஜின் சத்தம் தொலைவில் ஒரு முனகலாகத் தேய்ந்துவிடும். எண்ணூரில் கிடைக்காத, தள்ளியிருக்கும் வசதி இதுதான்.

மேற்கே ஒதுங்கிவிட்டால் எல்லா இடமும் நமக்குத்தான் என்று நினைப்பது தவறு. பழவேற்காட்டில் ‘பாடு’ என்ற முறை தலைமுறைகளாக இருந்து வருகிறது. எந்த ஊர்க்காரர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர்கள் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்கின்றன. நீருக்கு மேலே வரிசையாகத் தெரியும் கம்புகள் யாரோ ஒருவருடைய அன்றைய முறை. அவற்றுக்கிடையே படகைச் செலுத்துவது பிறர் வயலுக்குள் மாட்டை விடுவதற்குச் சமம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கனடா எல்லையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் கொண்ட பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதியில், 1978-ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் படகுகளைச் சில ஏரிகளுக்குள் மட்டும் அடக்கி, அவற்றிலும் 25 அல்லது 10 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைத்து, மற்ற ஏரிகளைத் துடுப்புக்காரர்களுக்கு விட்டுவைத்தது. அங்கே நீரைப் பங்கிட்டது சட்டப் புத்தகம். இங்கே பங்கிட்டது ஊர்க்கூட்டம். மினசோட்டாவுக்குப் போகிறவர் அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போவதைப் போல, பழவேற்காட்டுக்குப் போகிறவர் ‘பாடு’ முறையை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

மீன் என்று பார்த்தால் எண்ணூரும் பழவேற்காடும் ஒரே குடும்பம்தான்: கொடுவா, மடவை, கிழங்கான், கெளுத்தி. கொடுவாவுக்கு உயிர் இறால்தான் இரை. விடியற்காலையில் நீரோட்டம் திரும்பும் நேரத்தில் எடுக்கும். கிழங்கான் மணல் தரையை ஒட்டித் திரியும். சிறிய முள், இலேசான ஈயம், விரல்நுனி அளவு இறால் துண்டு போதும். மடவை கண்ணெதிரே துள்ளித் துள்ளி ஆசை காட்டுமே தவிர முள்ளைச் சுலபமாகத் தொடாது. அது வலைக்கு உரிய மீன், பிசைந்த மாவை வைத்து எப்போதாவது ஏமாற்றலாம். கெளுத்தியைக் கையால் பிடிக்கவே கூடாது. அதன் முதுகு முள்ளும் பக்க முள்களும் விஷமுள்ளவை.

காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். எண்ணூரில் கரைகள் நெருக்கமாக இருப்பதால் காற்று பெரிய சிக்கல் இல்லை. பழவேற்காட்டில் ஒதுங்க மரமே இல்லாத வெட்டவெளி. நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும்பினால், மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போகும் துடுப்புப் படகு பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். திரும்பும் வழி கடலை நோக்கிய கிழக்கு என்றால் முகத்தில் அடிக்கும் காற்றுக்கு எதிராகத்தான் வலிக்க வேண்டியிருக்கும். ஆகவே அங்கே பதினொரு மணிக்குள் கரையேறுவதாகத் திட்டமிட வேண்டும். அது முற்பகலில் திரும்பும் ஃபைபர் படகுகளின் நேரத்தோடு மோதுவதால், தடத்தைக் கடக்கும் அந்தக் கால் மணி நேரத்துக்கு மட்டும் தூண்டில்களைச் சுருட்டிவைத்துவிட்டு நால்வரும் துடுப்பைக் கையில் வைத்திருப்பது என்று பேசியிருக்கிறோம். இருட்டில் கடக்க நேர்ந்தால் காட்டுவதற்கு ஒவ்வொரு படகிலும் வெள்ளை ஒளி டார்ச் இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மோட்டார் தொல்லை இருக்காதே என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தத் தடை காசிமேட்டு விசைப்படகுகளைக் கட்டிப்போடும்; கழியில் ஓடும் சிறு படகுகளை அல்ல. உண்மையில் அந்த நாட்களில்தான் கழி மீனுக்குக் கிராக்கி கூடும். கோடையில் ஏரியும் சுருங்கிவிடும்.

பழவேற்காட்டின் பெரிய தடை அனுமதிதான். தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் 1980-இலிருந்து பறவைகள் சரணாலயம். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அங்கே சுற்றுலாப் படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது. காசு கொடுத்தால் கூட்டிப்போகிறேன் என்று கரையில் யாராவது சொன்னாலும் ஏறக் கூடாது. பிடிபட்டால் நாம் ஊருக்குத் திரும்பிவிடுவோம், வழக்கு அந்த மீனவரின் தலையில் விழும். வனத்துறையின் எழுத்து அனுமதியும் ஊரின் சம்மதமும் கையில் இல்லாமல் படகை இறக்குவதில்லை என்பதில் நாங்கள் நால்வரும் உறுதியாக இருக்கிறோம். பூநாரைகள் மேயும் இடங்களுக்குக் கிட்டவே போவதில்லை என்பதையும் மனுவில் எழுதியிருக்கிறோம்.

எந்தப் படகு என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. காற்றடைத்த கயாக்கைச் சுருட்டி ஷேர் ஆட்டோவில்கூட ஏற்றிவிடலாம். ஆனால் கழித்தரையில் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பி பிளேடு மாதிரி கிழிக்கும், ஒரு கெளுத்தி முள்ளே போதும் காற்று இறங்க. மாமாவின் தோணி கனமானது, ஏற்றிப்போகக் குட்டியானை வண்டி பிடிக்க வேண்டும். ஆனால் அலை வந்தால் அதன் அடிப்பாகம் அசையாமல் தாங்கும், சேற்றில் கோல் ஊன்றித் தள்ளவும் வாகானது. நான் தோணியின் பக்கம்.

மொத்தத்தில் எங்கள் வரிசை இப்படி அமைந்திருக்கிறது. அனுமதி வந்தால் பழவேற்காடு, வேறு பேச்சே இல்லை. வராவிட்டால் எண்ணூரில் பாலத்துக்கு மேற்கே, கொசஸ்தலையாறு அகலும் பக்கமாக, படகுகள் கடலில் இருக்கும் காலை ஆறு முதல் எட்டு மணி வரை மட்டும். பிடித்ததை அங்கேயே விட்டுவிடுவோம். அதற்கு முன் தை மாதத்தில் ஒரு நாள், நீச்சல் தெரிந்தும் கவிழ்ந்த படகில் ஏறத் தெரியாத இரண்டு பேரை முட்டுக்காட்டுக்கு அழைத்துப்போகிறேன். நாளைப் பொறுத்தவரை, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம் என்பதால், தேய்பிறை அஷ்டமிக்கு அடுத்த இரண்டு நாட்களைக் குறித்து வைத்திருக்கிறோம். மனுவிலும் அந்தத் தேதிகளையே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.