முதியோர் வாய்ச் சுத்தம்: பிரஷ்ஷா, மவுத்வாஷா, நல்லெண்ணெயா?

அறுபதைக் கடந்தவர்களின் வாய்க்கு எது நல்லது என்று கேட்டால், பிள்ளைகள் மவுத்வாஷ் வாங்கித் தருவார்கள், பெரியவர்கள் நல்லெண்ணெய் கொப்பளிப்பை விடமாட்டார்கள், பல் மருத்துவர் பிரஷ்ஷையே சொல்வார். ஆனால் முதியவரின் வாய் இளைஞரின் வாயைப் போன்றது அல்ல. இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான மாத்திரைகளில் பலவும் உமிழ்நீரைக் குறைக்கின்றன; ஈறு இறங்குவதால், எனாமல் என்ற கடினமான மேலுறை போர்த்தாத வேர்ப்பகுதி மஞ்சளாக வெளியே தெரிகிறது. எனாமல் கரைவதற்கு வாயின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்க வேண்டும். வேரோ 6க்கு மேல் இருக்கும்போதே கரையத் தொடங்கிவிடும்.

மருத்துவர் எழுதித்தரும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷின் பலம், பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்வது. பல் பிடுங்கிய பிறகோ ஈறு அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, பிரஷ் பட முடியாத நாட்களில் அதற்கு ஈடு இல்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால்தான் தொல்லை: பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கின் ருசி மாறும்; ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. அதோடு, அது நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பார்ப்பதில்லை. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி, இரத்தக் குழாய்கள் தளர உதவுபவை நாக்கில் வாழும் சில பாக்டீரியாக்களே. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் 2025இல் வெளியிட்ட ஆய்வில், அறுபது, எழுபது வயதுகளில் இருந்தவர்கள் இரண்டு வாரம் பீட்ரூட் சாறு குடித்தபோது வாயின் பாக்டீரியாக் கூட்டம் மாறியது, இரத்த அழுத்தமும் இறங்கியது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் காரணமில்லாமல் மாதக்கணக்கில் கிருமிநாசினி கொப்பளிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாய்ப் பாக்டீரியா நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா உண்டாக்குவதுதான் முதுமையில் பெரிய அச்சம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பணியாளர்கள் பல் துலக்கிவிட்ட குழுவில் 11 சதவீதத்தினருக்கும், மற்றக் குழுவில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 2015இல் வெளியான ஆய்விலோ, நாளுக்கு இருமுறை துலக்கலோடு குளோர்ஹெக்சிடினும் தரப்பட்டும் நிமோனியா குறையவில்லை. இரண்டு நாடுகளின் பராமரிப்பு முறையும் ஒன்றல்ல என்பதால் இவற்றை நேருக்கு நேர் நிறுத்த முடியாது. இருந்தாலும், மருந்தைச் சேர்ப்பதைவிடத் துலக்கும் கையின் உழைப்பைக் கூட்டுவதில்தான் பலன் என்று நான் நினைக்கிறேன்.

நல்லெண்ணெயைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. பல்லில் படியும் படலத்தை ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் வேரைக் காக்கும் ஃபுளோரைடு அதில் இல்லை. பக்கவாதத்தாலோ பார்க்கின்சன் நோயாலோ விழுங்கச் சிரமப்படுபவருக்கு அது ஆபத்தும்கூட, ஏனெனில் புரையேறி நுரையீரலுக்குள் போன எண்ணெய் நிமோனியாவை உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. உப்புத் தண்ணீர் புண்ணுக்கு இதம் தரும், அவ்வளவுதான்.

ஆகவே அன்றாடத்துக்கு என் தேர்வு, மென்மையான பிரஷ்ஷும் 1000 முதல் 1450 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். வேர்ச்சொத்தை தொடங்கியவர்களுக்கு 5000 பி.பி.எம். பேஸ்ட்டைப் பல் மருத்துவர் எழுதித்தருவார். மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்களுக்குப் பருத்த கைப்பிடியோ மின்சார பிரஷ்ஷோ உதவும்.

பல்செட் அணிபவர்களுக்கு மட்டும் கணக்கு சற்று வேறு. பேஸ்ட் பல்செட்டில் கீறல் போடும், அந்தக் கீறலில் கேண்டிடா பூஞ்சை குடியேறும். சோப்பும் தனி பிரஷ்ஷும் கொண்டு, அண்ணத்தைத் தொடும் உட்புறத்தின் வழவழப்பு போகும்வரை தேய்த்து, இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். டோக்கியோவில் 85 வயதைக் கடந்த 524 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறத்தாழ 2.3 மடங்காக இருந்தது.