ரிங்கிட்டா, சிங்கப்பூர் டாலரா: ரூபாய்க்கு எதிரான பழைய மாற்று விகிதங்கள்

மண்ணடியிலும் இராயபுரத்திலும் பல குடும்பங்களுக்கு மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பணம் வந்திருப்பதால், இவ்விரு நாணயங்களின் பழைய மதிப்பை ஒப்பிடுவது இங்கே வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1973 மே மாதம் வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற சம மதிப்பில் மாற்றத்தக்கவையாக இருந்தன. இன்று ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் தர வேண்டும்.

கணக்கிட எளியது ரிங்கிட்தான், அதுவும் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும். ஆசிய நிதி நெருக்கடியில் சரிந்த அதனை, 1998 செப்டம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 என மலேசிய அரசு நிலைநிறுத்தியது. 2005 ஜூலையில் அந்தக் கட்டு நீங்கும் வரை, ரூபாயில் டாலரின் விலை தெரிந்தால் அதை 3.80 ஆல் வகுத்தாலே போதும்: டாலர் 45.60 ரூபாய் என்றால் ரிங்கிட் 12 ரூபாய்.

சிங்கப்பூர் டாலருக்கு இந்த வசதி இல்லை. 1981 முதல் அந்நாட்டின் பணக்கொள்கை, பல நாணயங்கள் அடங்கிய தொகுப்பை ஒட்டி மாற்று விகிதத்தையே நெறிப்படுத்துவதால், ஒவ்வொரு நாளின் விகிதத்தையும் தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. ஆயினும் நீண்ட காலச் சேமிப்பை அளக்க அதையே நான் தேர்வேன், ஏனெனில் 1997-98 நெருக்கடியில் அது ரிங்கிட் அளவுக்குச் சரியவில்லை.