1925 சீசன்: டியூசன்பெர்க்கா, மில்லரா?

அமெரிக்க ஓவல் (நீள்வட்டத் தடம்) கார் பந்தயங்களில் எனக்கு மிகவும் பிடித்த சீசன் 1925. அந்த ஆண்டு தேசிய சாம்பியன் பட்டத்துக்கு மோதியவை உண்மையில் இரண்டே பட்டறைகள்: இண்டியானாபோலிஸில் டியூசன்பெர்க் சகோதரர்கள், லாஸ் ஏஞ்சலஸில் ஹாரி மில்லர்.

இன்ஜினை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. விதிப்படி இரண்டுமே 122 கன அங்குலம், அதாவது சுமார் 2 லிட்டர்தான். இரண்டிலும் ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர், மேலே இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு). இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரில் முந்திக்கொண்டது டியூசன்பெர்க். 1924-இல் இண்டியானாபோலிஸில் சூப்பர்சார்ஜருடன் வென்ற முதல் வண்டி அவர்களுடையது. ஆனால் அடுத்த ஆண்டே மில்லர் வண்டிகளிலும் அது வந்துவிட்டது.

பெரிய வித்தியாசம் மில்லரின் முன்சக்கர இயக்க வண்டியில் இருந்தது. அதைச் செய்யச் சொல்லிக் கேட்டவர் ஓட்டுநர் ஜிம்மி மர்ஃபி. வண்டி கைக்கு வருமுன்பே, 1924 செப்டம்பரில் சிராகியூஸ் மண் தடத்தில் இறந்துபோனார். அந்த ஆண்டுப் பட்டம் இறந்தவருக்கே போனது. முன்சக்கர இயக்கத்தில், இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குத் தண்டு ஓட வேண்டியதில்லை என்பதால் வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்த முடிந்தது. என்னைக் கேட்டால், அந்தக் காலத்து வண்டிகளிலேயே துணிச்சலான சிந்தனை இதுதான்.

சரி, ஓட்டத்தில் என்ன நடந்தது? மே 30, இண்டியானாபோலிஸ், 500 மைல். டியூசன்பெர்க்கில் பீட்டர் டிபாவ்லோ. உள்ளங்கை கொப்புளித்துப்போக, கட்டுப் போட்டுக்கொள்ள இறங்கினார். நடுவில் சில சுற்றுகள் நார்மன் பேட்டன் ஓட்டினார். பிறகு டிபாவ்லோவே திரும்ப ஏறி வென்றார். சராசரி மணிக்கு 101.13 மைல். அங்கே 500 மைலை 100-க்கு மேல் சராசரியில் முடித்த முதல் ஆள் அவர்தான். முன்சக்கர மில்லரில் டேவ் லூயிஸ் ஓட்டி, கடைசியில் பென்னட் ஹில் கைமாற்றி, இரண்டாவதாக வந்தார்கள். இடைவெளி ஒரு நிமிடம்கூட இல்லை. புத்தம்புது அமைப்புள்ள ஒரு வண்டிக்கு இது தோல்வி என்று நான் சொல்லமாட்டேன்.

முதல் ஏழு இடங்களைப் பாருங்கள்: 1, 3 டியூசன்பெர்க், மீதி ஐந்தும் மில்லர். மில்லர் காசு கொடுத்த எவருக்கும் முழு வண்டியைச் செய்து விற்றார். அதனால் தனி ஆளாக வந்த ஓட்டுநருக்கும் நல்ல வண்டி கிடைத்தது. டியூசன்பெர்க் அணி சிறியது, கவனம் முழுக்கத் தங்கள் சொந்த வண்டிகள் மீது. டிபாவ்லோ போன்ற ஓட்டுநர் அமைந்தால் அது பெரிய பலம். ஆல்டூனா, லாரல் மரப்பலகைத் தடங்களிலும் வென்று பட்டத்தை அவரே எடுத்தார். இண்டியானாபோலிஸின் செங்கல் தளம், செங்குத்தாகச் சாய்ந்த பலகைத் தளம் இரண்டிலும் அவர்கள் வண்டி தாக்குப்பிடித்தது டியூசன்பெர்க்கின் தரத்துக்குச் சான்று.

ஆகவே அந்த ஒரு சீசனுக்கு, தொழிற்சாலை அணியில் இடம் கிடைத்தால், நான் டியூசன்பெர்க்கில்தான் ஏறியிருப்பேன். சொந்தக் காசில் வாங்குவதென்றால் பின்சக்கர மில்லர், யோசிக்கவே வேண்டாம். முன்சக்கர மில்லரின் காலம் அப்போது வரவில்லை. இண்டியானாபோலிஸில் முன்சக்கர வண்டி முதன்முதலில் வென்றது 1930-இல், பில்லி ஆர்னால்ட் ஓட்டிய மில்லர்-ஹார்ட்ஸ்.