மைக்ரோசாஃப்ட் இணையதளம்: வாங்க வருபவருக்கு ராஜபாட்டை, வாங்கியவருக்குச் சந்துபொந்து

மைக்ரோசாஃப்ட் டாட் காம் முகப்பின் மேல்பட்டையில் மைக்ரோசாஃப்ட் 365, விண்டோஸ், சர்ஃபேஸ், எக்ஸ்பாக்ஸ் என்று பெரும்பாலும் விற்பனைக்கு உள்ளவைதான் வரிசைகட்டி நிற்கும். சந்தாவை நிறுத்தவோ, ஏற்கனவே காசு கொடுத்த ஆபீஸை மறுபடி இன்ஸ்டால் செய்யவோ வருபவர் இந்தப் பட்டையை நம்பினால் விளம்பரப் பக்கத்தில்தான் போய் நிற்பார். முகப்பைத் தொடாமல் நேர் முகவரியைத் தட்டுவதே உத்தமம்.

அந்த முகவரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அக்கவுண்ட் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம் என்பது தனிநபர் கணக்குக்கு. முன்னால் 'மை' சேர்ந்த மைஅக்கவுண்ட் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம் என்பது அலுவலக, கல்விக் கணக்குக்கு. இரண்டாவதில் தனிநபர் கணக்கைக் கொடுத்தால், பர்சனல் கணக்கால் இங்கே நுழைய முடியாது என்ற பிழைச்செய்தி வரும். சரியான வாசல் எது என்று சொல்லாது. பாஸ்வேர்டுதான் தப்பு என்று நினைத்துப் பலர் ரீசெட் செய்யப் போய்விடுகிறார்கள்.

ஒரே மின்னஞ்சலில் இரண்டு கணக்குகளும் இருந்தால் எது வேண்டும் என்று ஒரு திரை கேட்கும். ஐடி துறை உருவாக்கியது, நீங்கள் உருவாக்கியது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதுதான் அங்கே உள்ள ஒரே துப்பு. சந்தாப் பணம் உங்கள் சொந்தக் கார்டிலிருந்து போகிறதென்றால் பெரும்பாலும் பர்சனல்தான். உள்ளே போனதும் 'சர்வீசஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குப் போங்கள். இன்ஸ்டால், மேனேஜ், தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துவது எல்லாம் அங்கேதான். நிறுத்தப் போகும்போது வேறு திட்டம் காட்டினால் மயங்காமல், கடைசி உறுதிப்படுத்தல் வரும்வரை போக வேண்டும். பாதியில் மூடினால் அடுத்த தவணை கழிந்துவிடும்.

பழைய வழக்கப்படி ஆபீஸ் டாட் காம் போகிறவர்களுக்கு வேறு அதிர்ச்சி. ஆபீஸ் என்ற பெயர் மைக்ரோசாஃப்ட் 365 ஆகி, 2025 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் ஆனது. வேர்டு கோப்பைத் திறக்க வந்தவரை கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரின் உரையாடல் பெட்டி வரவேற்கிறது. வேர்டும் எக்செலும் பக்கப்பட்டையில் 'ஆப்ஸ்' என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன.

விண்டோஸ் 10 டவுன்லோடு பக்கம்தான் உச்சம். விண்டோஸ் கணினியிலிருந்து போனால் நிறுவல் யுஎஸ்பி தயாரிக்கும் மீடியா கிரியேஷன் டூலைத்தான் காட்டும், முழு விண்டோஸும் ஒரே கோப்பாக வரும் ஐஎஸ்ஓவுக்கான தேர்வே இருக்காது. அதே பக்கத்தை மேக்கிலோ மொபைலிலோ திறந்தால் ஐஎஸ்ஓ வந்துவிடும். எந்தக் கருவியிலிருந்து வருகிறோம் என்று பிரௌசர் அனுப்பும் அடையாளத்தை, அதாவது யூசர் ஏஜென்ட்டைப் பார்த்துத் தளமே மறைக்கிறது. தீர்வு: குரோம் அல்லது எட்ஜில் எஃப்12 அழுத்தி டெவலப்பர் பலகையைத் திறந்து, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எம் தட்டி, மொபைல் மாடல் ஒன்றைத் தேர்ந்து, பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். பதிப்பைத் தேர்ந்து கன்ஃபர்ம், மொழியைத் தேர்ந்து மறுபடி கன்ஃபர்ம், பிறகு 64 பிட். டெவலப்பர் பலகையை நடுவில் மூடக் கூடாது. மூடினால் பழைய அடையாளம் திரும்பிவிடும். கிடைக்கும் இணைப்பு 24 மணி நேரம்தான் செல்லும், எனவே அதை புக்மார்க் செய்து பயனில்லை. 715-123130 என்ற எண்ணோடு பிழை வந்தால் முதலில் இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன்னை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் 11 பக்கத்தில் இந்தக் கண்ணாமூச்சி இல்லை. இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட், மீடியா டூல், ஐஎஸ்ஓ மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக வெளிப்படையாக இருக்கின்றன. முடியாத காரியமில்லை என்பது அவர்களுக்கே தெரியும் போல.

அலுவலகங்களின் ஐடி நிர்வாகிகள் பாடு இன்னும் மோசம். அலுவலகப் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் அஸூர் ஆக்டிவ் டைரக்டரி 2023இல் என்ட்ரா ஐடி ஆனது. பயனரைச் சேர்க்கும் வேலையை மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டரிலும் செய்யலாம், என்ட்ராவிலும் செய்யலாம், கிளவுட் சேவையான அஸூரின் போர்ட்டலிலும் செய்யலாம். மூன்றிலும் மெனு வேறு வேறு. எந்த போர்ட்டல் எந்த முகவரியில் என்று பட்டியலிட எம்எஸ்போர்ட்டல்ஸ் டாட் ஐஓ என்று வெளியாட்கள் தனித் தளமே நடத்துகிறார்கள். இந்த வழிநடத்தலுக்கு இதைவிடக் கறாரான மதிப்பெண் யாரும் போட முடியாது.

பாராட்ட வேண்டியது மைக்ரோசாஃப்டின் ஆவணங்களும் பாடங்களும் உள்ள லேர்ன் தளம். இடப்பக்கப் பொருளடக்கத்தில் வடிகட்டும் பெட்டி உண்டு. பல தொழில்நுட்ப ஆவணங்களில் பதிப்பையும் தேர்ந்துகொள்ளலாம். ஏகேஏ டாட் எம்எஸ் என்று தொடங்கும் மைக்ரோசாஃப்டின் குறுக்கு முகவரிகளும் கைகொடுக்கும்: அதற்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு 'மைசெக்யூரிட்டிஇன்ஃபோ' என்று ஆங்கிலத்தில் சேர்த்தெழுதினால் அலுவலகக் கணக்கின் இரண்டடுக்குப் பாதுகாப்புப் பக்கம் நேராகத் திறக்கும். போன் மாற்றுகிறவர்கள் பழைய போனை அழிக்கும் முன்பே அங்கே போய்ப் புதியதைச் சேர்த்துவிடுங்கள்.