பைத்தானின் பார்ஷியல்: ஏழு வருடம் புழங்கிய பிறகு

தரவை எடுத்து அறிக்கையாக எழுதித் தருவதுதான் பைத்தான் மொழியில் நான் எழுதும் நிரல்களின் வேலை. அதற்கென்று ஒரு ஃபங்ஷன் (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல்துண்டு) வைத்திருந்தேன். எதை எழுத வேண்டும், எந்தக் கோப்பில், பிரிப்புக் குறி என்ன, தேதி எந்த வடிவில், தலைப்பு வரி வேண்டுமா, வெற்றுக் கட்டத்தில் என்ன போடுவது என்று 9 ஆர்குமென்ட், அதாவது கூப்பிடும்போது கொடுக்கும் மதிப்பு, அதற்கு. அறிக்கை வாங்குபவர்கள் ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்கள். ஆளுக்கொரு நகல் எடுத்து, உள்ளே ஓரிரு வரியை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். நகல்கள் 11 ஆயின. ஒருநாள் தேதி வடிவத்தை எல்லா அறிக்கையிலும் மாற்ற வேண்டி வந்தது. பத்தில் மாற்றினேன், ஒன்று விட்டுப்போனது. மூன்று வாரம் ஒருவருக்கு மட்டும் நாளும் மாதமும் இடம் மாறிய அறிக்கை போயிருக்கிறது. அவர் அதை நம்பிக் கணக்கும் போட்டிருந்தார். அந்த மின்னஞ்சலைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் பைத்தானோடு வரும் ஃபங்க்டூல்ஸ் மாட்யூலில் (நிரல்தொகுப்பில்) இருக்கும் பார்ஷியலை ஒழுங்காகப் படித்தேன். புதிய சரக்கு இல்லை, 2006இல் பைத்தான் 2.5உடனேயே வந்துவிட்டது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு ஃபங்ஷனையும், அதற்கு முன்கூட்டியே கொடுத்துவைக்க வேண்டிய ஆர்குமென்ட்களையும் சேர்த்துக் கொடுத்தால், அவை நிரம்பிய புதிய ஒன்றைத் திருப்பித் தரும். மூல ஃபங்ஷன் தொடப்படாமல் அப்படியே இருக்கும். எண்ணாக மாற்றும் 'இன்ட்'டுக்கு அடிமானம் 2 என்று நிரப்பி வைத்தால், கிடைப்பது இருமச் சரங்களை எண்ணாக்கும் கருவி. அதற்கு '1010' கொடுத்தால் 10 வரும். என் 11 ஃபங்ஷன்களும் 11 வரிகளாகின. ஒவ்வொரு வரியிலும் அந்த ஆளுக்கு எது வித்தியாசமோ அது மட்டுமே எழுதியிருக்கும். கண்ணால் பார்த்தாலே தெரியும்.

தினசரிப் புழக்கத்தில் எனக்கு அதிகம் உதவுபவை சின்னச் சின்னவைதான். கோப்பைத் திறக்கும் 'ஓப்பன்', என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) சொல்லாவிட்டால் சில கணினிகளில் வேறொன்றை எடுத்துக்கொண்டு எழுத்துகளைக் குதறிவிடும். யூடிஎஃப்-8 நிரப்பிய ஒரு வகையைச் செய்து வைத்துவிட்டேன். ஜேசான் என்ற தரவு வடிவில் எழுதும் 'டம்ப்ஸ்' தானாக விட்டால் ஆங்கிலம் அல்லாத எழுத்தையெல்லாம் குறியீட்டு எண்ணாக்கிவிடும். அதை நிறுத்தும் ஆர்குமென்டையும் 2 இட உள்தள்ளலையும் நிரப்பிய வகை ஒன்று இருக்கிறது. கீவேர்டாக, அதாவது ஆர்குமென்டின் பெயரைச் சொல்லி, நிரப்பியது பூட்டு அல்ல, வெறும் டீஃபால்ட்தான். ஒரு முறை மட்டும் வேறு என்கோடிங் தேவைப்பட்டால் கூப்பிடும்போது கொடுக்கலாம், அதுவே செல்லும்.

இதையெல்லாம் லாம்டாவிலும் (பெயர் வைக்காமல் ஒரே வரியில் எழுதும் ஃபங்ஷன்) செய்யலாமே என்று கேட்பார்கள். நானும் செய்தேன். ஒரு திரையில் ஐந்து பொத்தான், ஒவ்வொன்றும் ஓர் அறிக்கையைத் திறக்க வேண்டும். லூப்புக்குள் லாம்டா எழுதிப் பொருத்தினேன். எதை அழுத்தினாலும் ஐந்தாவது அறிக்கையே திறந்தது. லாம்டா மாறியின் பெயரைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும், கூப்பிடும் நேரத்தில்தான் மதிப்பைத் தேடும். அதற்குள் லூப் முடிந்து மாறி கடைசி மதிப்பில் நின்றிருக்கும். பார்ஷியல் உருவாகும் அந்தக் கணத்திலேயே மதிப்பை வாங்கி உள்ளே வைத்துவிடும். ஒரு சொல்லை மாற்றினேன், ஐந்து பொத்தானும் சரியாயின.

ஆனால் அதே குணம் என்னை வேறோர் இடத்தில் கவிழ்த்தது. இதைப் புதிதாக எடுப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே விரித்துச் சொல்கிறேன். அறிக்கையின் தலைப்பில் அன்றைய தேதி வர வேண்டும் என்று, பார்ஷியலுக்குள் தேதி ஆர்குமென்டுக்கு 'இன்று' என்பதைக் கணக்கிட்டுக் கொடுத்திருந்தேன். சோதித்தபோது சரியாக வந்தது. அந்த நிரலோ ஒருமுறை தொடங்கினால் நாட்கணக்கில் ஓடுவது. திங்களன்று தொடங்கியது வியாழன் வரைக்கும் திங்கள் தேதியையே அச்சடித்துக்கொண்டிருந்தது. பார்ஷியல் மேல் பிழையே இல்லை, சொன்னதைச் செய்திருக்கிறது. கூப்பிடும் நேரத்தில் கணக்கிட வேண்டிய எதையும் அதற்குள் வைக்கக் கூடாது. அதற்கு டெஃப் போட்டு முழு ஃபங்ஷனாக எழுதுவது நல்லது. பட்டியலை நிரப்பி வைத்தாலும் இதே கதைதான். எல்லா அழைப்பும் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும், ஓர் அழைப்பில் சேர்த்தது அடுத்ததில் எட்டிப் பார்க்கும்.

பல பிராசஸ்களில் (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் நிரல்களில்) வேலையைப் பிரித்துக் கொடுப்பவர்களுக்கு இன்னொரு நல்ல சேதி. மல்டிபிராசஸிங் பூலின் 'மேப்'புக்கு லாம்டாவைக் கொடுத்தால், பிக்கிள் செய்ய (வேறு பிராசஸுக்கு அனுப்பும்படி பைட்டுகளாக மாற்ற) முடியவில்லை என்று நின்றுவிடும். மாட்யூலின் மேல்மட்டத்தில் இருக்கும் ஃபங்ஷனை வைத்துச் செய்த பார்ஷியல், உள்ளே இருக்கும் மதிப்புகளும் பிக்கிள் ஆகக்கூடியவையாக இருந்தால், தடையின்றிப் போகும். பிழை தேடும்போதும் வசதி. அச்சிட்டுப் பார்த்தால் எந்த ஃபங்ஷன், என்னென்ன நிரப்பியிருக்கிறது என்று காட்டும். லாம்டாவை அச்சிட்டால் நினைவக முகவரிதான் மிஞ்சும்.

இனி குறைகள். இடம் பார்த்துக் கொடுக்கும் ஆர்குமென்ட்கள் இடப்பக்கத்திலிருந்துதான் நிரம்பும். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை நிரப்ப வேண்டுமானால் கீவேர்டாகக் கொடுக்க வேண்டும். சி மொழியில் எழுதிய உள்ளமை ஃபங்ஷன்கள் பல, கீவேர்டையே ஏற்காதவை. பைத்தான் 3.14 இதற்கு 'பிளேஸ்ஹோல்டர்' என்று ஒன்றைத் தந்திருக்கிறது. காலியாக விட வேண்டிய இடத்தில் அதை வைத்துவிட்டு அடுத்ததை நிரப்பலாம். சரத்தில் குறிப்பிட்ட துண்டை நீக்கும் வகையை 'ரீப்ளேஸ்'ஸிலிருந்து இப்போது ஒரே வரியில் செய்துவிடுகிறேன். இந்த வசதி இத்தனை வருடம் கழித்து வந்திருக்க வேண்டாம் என்பது என் ஆதங்கம்.

நடுவில் இருக்கும் ஆர்குமென்டைக் கீவேர்டாக நிரப்புவதிலும் கவனம் வேண்டும். மூன்றில் இரண்டாவதை அப்படி நிரப்பிவிட்டு, பழக்கதோஷத்தில் இரண்டு மதிப்பை வரிசையாகக் கொடுத்தால், ஒரே ஆர்குமென்டுக்கு இரண்டு மதிப்பு என்று டைப்எரர் வரும். நிரப்பிய இடத்துக்குப் பின்னால் இருப்பவற்றையும் பெயர் சொல்லியே கொடுக்க வேண்டும்.

பெயர் இல்லாததும் தொல்லை. பார்ஷியலுக்கு ஃபங்ஷன்போல் தனக்கென்று ஒரு பெயர்ப் பண்பு கிடையாது. எந்த ஃபங்ஷன் ஓடியது என்று பதிவு எழுதும் என் டெக்கரேட்டர் (ஃபங்ஷனைச் சுற்றிப் போடும் உறை) முதல் நாளே அட்ரிபியூட்எரர் கொடுத்து விழுந்தது. 'அப்டேட் ராப்பர்' வைத்து மூலத்தின் பெயரை ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் 11 வகைக்கும் ஒரே பெயர் இருந்தால் பதிவைப் படித்து என்ன பயன்? ஒவ்வொன்றுக்கும் நானே பெயர் வைத்துவிடுகிறேன்.

கிளாஸுக்குள் மெத்தடாக (அதற்குச் சொந்தமான ஃபங்ஷனாக) வைக்க 3.4இலிருந்து 'பார்ஷியல்மெத்தட்' என்று தனியாக ஒன்று உண்டு. அங்கே அதைப் பயன்படுத்துங்கள். 3.14இல் சாதாரணப் பார்ஷியலும் கிளாஸுக்குள் செல்ஃபை (எந்தப் பொருளின் மெத்தடோ அந்தப் பொருளை) ஏற்கும்படி மாறிவிட்டது. பழைய நிரல்களில் கிளாஸ் பண்பாகப் பார்ஷியல் வைத்திருந்தால் மேம்படுத்தும் முன் ஒருமுறை தேடிப் பாருங்கள். பழைய நடத்தையே வேண்டுமென்றால் 'ஸ்டாட்டிக்மெத்தட்'டுக்குள் வைக்க வேண்டும்.

என்னை இன்னமும் உறுத்துவது ஒன்றுதான். உருவாக்கும்போது பார்ஷியல் எதையும் சரிபார்ப்பதில்லை. என்கோடிங் என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாலும் முணுமுணுக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். கூப்பிடும் நாளில்தான் வெடிக்கும், மாதத்துக்கு ஒருமுறை ஓடும் அறிக்கை என்றால் மாதக் கடைசியில். மதிப்புகளின் வகையைச் சரிபார்க்கும் மைபை என்ற கருவி 1.11இலிருந்து பார்ஷியலின் வகைகளைப் புரிந்துகொள்கிறது, வகைக்குறிப்பு எழுதியிருந்தால் அது பிடித்துவிடும். குறிப்பே எழுதாத பழைய கோப்புகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றுக்காக நாலு வரியில் ஒரு சிறு ஃபங்ஷன் வைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்ட் மாட்யூலில் சிக்னேச்சரை (ஃபங்ஷன் ஏற்கும் ஆர்குமென்ட்களின் பட்டியலை) எடுத்து, கொடுத்த ஆர்குமென்ட்களை 'பைண்ட் பார்ஷியல்' வழியாகப் பொருத்திப் பார்த்து, பொருந்தினால் மட்டுமே பார்ஷியலைச் செய்து தரும். எழுத்துப்பிழை இருந்தால் நிரல் தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடும். இப்போது என் அறிக்கைக் கோப்பின் 11 வரிகளும் அதன் வழியாகத்தான் போகின்றன.