வெராகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருள்: வீட்டுக் கணினியில் ஒரு வருடம் வைத்துப் பார்த்த பிறகு

போன வருடம் ஆடி மாதம் என் லேப்டாப்பின் திரை போய்விட்டது. பக்கத்தில் இருந்த ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். "பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க சார், டிஸ்ப்ளே மாத்தினதும் ஆன் பண்ணிப் பார்க்கணும்" என்றார்கள். பில்லின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துக் கைக்கு வந்தது, வேலை சுத்தம், திரையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் வந்து திறந்தால், சமீபத்தில் திறந்த கோப்புகள் என்று விண்டோஸ் காட்டுமே, அந்தப் பட்டியலில் தங்கையின் கல்யாணப் படங்கள், அப்பாவின் பான் அட்டை ஸ்கேன், வீட்டுப் பத்திரத்தின் பிடிஎஃப் என்று வரிசையாக இருக்கிறது. தேதி பார்த்தால் லேப்டாப் கடையில் இருந்த நாட்கள். அதில் ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன், யாரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். என்னிடம் வேறு சாட்சி இல்லை. அந்தப் படங்களின் நகல் எங்காவது போயிருக்குமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தங்கையிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

பாஸ்வேர்டைக் கொடுக்காமல் இருந்திருந்தால் போதுமே என்று முதலில் நினைத்தேன். அதைச் சோதித்துப் பார்க்க அப்பாவின் பழைய லேப்டாப்பில் இருந்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அந்த டிஸ்க்கை யுஎஸ்பியில் செருகும் கேபிள் ஒன்றை வாங்கி என் கணினியில் மாட்டினேன். அவர் வைத்திருந்த விண்டோஸ் பாஸ்வேர்டு எங்குமே குறுக்கே வரவில்லை, அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வந்தது, 'கன்டினியூ' அழுத்தியதும் எல்லாம் திறந்துகொண்டது. விண்டோஸ் பாஸ்வேர்டு வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி, வாசல் வழியாக வருகிறவரை மட்டும்தான் கேட்கும், சுவரையே பெயர்த்து எடுத்துப் போகிறவரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. டிஸ்க்கில் இருப்பதே யாருக்கும் புரியாத குப்பையாக இருந்தால்தான் காப்பாற்ற முடியும், அதற்குப் பெயர்தான் குறியாக்கம், பேச்சில் என்கிரிப்ஷன். அப்படித் தேடிப் போய்ச் சேர்ந்த மென்பொருள்தான் வெராகிரிப்ட்.

இது இலவசம், திறந்த மூல நிரல் (அதாவது நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்), விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதற்கு முன்னோடி ட்ரூகிரிப்ட். 2004-இல் வந்து பத்து வருடம் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, யார் எழுதினார்கள் என்பதே வெளியில் தெரியாது. 2014 மே மாதம் திடீரென்று அதன் தளத்தில் 'இது பாதுகாப்பானது இல்லை, வேறு எதற்காவது மாறிக்கொள்ளுங்கள்' என்று ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே, 2013-இல், பிரான்சில் இட்ரிக்ஸ் என்ற நிறுவனத்தின் மூனிர் இத்ராசி அதே நிரலை எடுத்து, பலவீனமான இடங்களைச் சரிசெய்து வெராகிரிப்ட் என்று வெளியிட்டிருந்தார். 2016-இல் குவார்க்ஸ்லேப் என்ற நிறுவனம் நிரலைத் தணிக்கை செய்தது. தீவிரமான ஓட்டைகள் கிடைத்தன, அறிக்கை பகிரங்கமாக வந்தது, பெரும்பாலானவை உடனே அடுத்த பதிப்பில் அடைக்கப்பட்டன. ஓட்டை இருந்ததாலேயே சிலர் பயப்படுவார்கள். எனக்கு அது நேர்மாறாகப் பட்டது, வெளியாள் பார்த்து, கிடைத்ததை எல்லோருக்கும் சொல்லி, அடைத்தும் விட்டார்கள் என்பதால்தான் அப்பாவின் பத்திரத்தை இதில் வைக்கத் துணிந்தேன்.

இதை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கையே மொத்தமாகப் பூட்டலாம், வெளி ஹார்டு டிஸ்க்கையோ பென் டிரைவையோ முழுக்கப் பூட்டலாம், இல்லை என்றால் ஒரு பெரிய கோப்பை உருவாக்கி அதையே ஒரு பெட்டகமாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு மூன்றாவதுதான் சரி. முதல் இரண்டையும் நான் ஏன் சிபாரிசு செய்யவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

பெட்டகம் செய்வது சுலபம். 'கிரியேட் வால்யூம்' அழுத்தினால் படிப்படியாகக் கேட்டுக்கொண்டே போகும். குறியாக்க முறை என்ன வேண்டும் என்று கேட்கும்போது ஏஇஎஸ் என்று இருப்பதை மாற்ற வேண்டாம், இரண்டு மூன்று முறைகளை அடுக்கி வைத்தால் இன்னும் பலம் என்று தோன்றும், வீட்டுக்கு அவசியம் இல்லை, வேகம்தான் குறையும். அளவு 100 ஜிபி கொடுத்தேன். பிறகு மவுஸைத் திரையில் கண்டபடி நகர்த்தச் சொல்கிறது, அந்த நகர்வில் இருந்தும் சாவிக்கான தாறுமாறான எண்களை எடுக்கிறது, கீழே ஒரு பட்டை சிவப்பில் இருந்து பச்சைக்கு மாறும் வரை நகர்த்துங்கள், அவசரப்படாதீர்கள். வெளி ஹார்டு டிஸ்க்கில் எழுதி முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, பென் டிரைவ்கள் பல அப்படித்தான் வருகின்றன, முதலில் எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

அதற்கப்புறம் தினசரி வேலை இவ்வளவுதான்: கோப்பைத் தேர்ந்தெடுத்து 'மவுண்ட்' அழுத்தி பாஸ்வேர்டு கொடுத்தால் புதிதாக ஒரு டிரைவ் முளைக்கும், சாதாரண பென் டிரைவ் மாதிரி அதில் போடலாம் எடுக்கலாம், வேலை முடிந்ததும் மூடிவிடலாம். திறக்க என் பழைய ஐ5 கணினியில் ஏழெட்டு விநாடி ஆகிறது. இது குறை இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டை லட்சக்கணக்கான முறை அரைத்துத்தான் சாவியை எடுக்கிறது, இயல்பு அமைப்பில் 5 லட்சம் முறை. நமக்கு அது சில விநாடி, ஆனால் கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்க நினைக்கிறவனுக்கு ஒவ்வொரு முறையும் அந்தச் செலவு விழும். திறந்த பிறகு வேகத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, கல்யாண வீடியோவை உள்ளிருந்தே தடங்கல் இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன்.

பாஸ்வேர்டு பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் 'மறந்துவிட்டேன்' என்ற பொத்தான் கிடையாது. போன் நம்பருக்கு ஓடிபி வராது, உருவாக்கியவர்களாலும் திறக்க முடியாது. பலர் தங்களிடம் இருக்கும் இ-ஆதார் பிடிஎஃப் பூட்டித்தான் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள், அதன் பாஸ்வேர்டு பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும் என்பது ஊருக்கே தெரியும், அதே ஃபோல்டரில் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் கிடந்தால் அது பூட்டே இல்லை. இங்கே 20 எழுத்துக்குக் குறைவாகக் கொடுத்தால் மென்பொருளே எச்சரிக்கிறது. நான் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருக்கிறேன். சொற்களைப் புத்தகத்தைக் கண்ணை மூடிப் புரட்டி விரல் பட்ட இடத்தில் எடுத்தேன், நாமே யோசித்து எடுத்தால் பிள்ளை பெயர், குலதெய்வம் என்றுதான் மனம் போகும். தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்று ஆசையாக இருந்தது, ஆனால் அவசரத்துக்கு இன்னொருவர் கணினியில் திறக்க வேண்டி வந்தால் அங்கே தமிழ்99 விசைப்பலகை இருக்க வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆறு சொற்களையும் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு, பீரோ லாக்கரில் அசல் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன், மனைவிக்குத் தெரியும். பாஸ்வேர்டை எழுதி வைக்கவே கூடாது என்று சொல்வார்கள். வீட்டுக்குள் வந்து பீரோவை உடைக்கிறவன் நகையைத்தான் தேடுவான். நான் இல்லாமல் போன நாளில் வீட்டில் இருக்கிறவர்கள் பத்திர நகலுக்கும் இன்சூரன்ஸ் தாளுக்கும் அலையக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி குறைகள். முழு டிஸ்க்கைப் பூட்டும் முறையை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அப்படிப் பூட்டிய டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகியதும் அதற்கு ஒன்றும் புரியாது, 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று கேட்கும். தெரிந்த ஓர் அக்கா வீட்டில் இதுதான் நடந்தது. அவர் பூட்டி வைத்திருந்த டிஸ்க்கைப் பையன் ஏதோ படம் ஏற்ற எடுத்து, கேட்டதற்கு 'சரி' அழுத்திவிட்டான். டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் ஹெட்டர் என்ற சிறு பகுதியில்தான் சாவியே இருக்கிறது, அது அழிந்தால் சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் திறக்காது. கடைசிப் பகுதியில் இன்னொரு நகல் இருக்கும், அதை வைத்துத்தான் உள்ளே போக முடிந்தது, அப்போதும் பாதி ஃபோல்டர்கள் சிதைந்திருந்தன, மூன்று வருடப் படங்களில் பாதிக்கு மேல் போயிற்று. பெட்டகக் கோப்பாக இருந்தால் இந்தக் கேள்வியே வராது. எந்த முறையாக இருந்தாலும் 'டூல்ஸ்' பட்டியலில் 'பேக்கப் வால்யூம் ஹெட்டர்' என்று இருப்பதை அழுத்தி அந்த ஹெட்டரை வேறு இடத்தில் சேமித்து வையுங்கள், மிகச் சிறிய கோப்புதான், இன்றைக்கே செய்யுங்கள்.

இரண்டாவது குறை கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரி இடங்களில் வைப்பவர்களுக்கு. உள்ளே எதை மாற்றினாலும் வெளியே பெட்டகத்தின் தேதி மாறாதபடி வெராகிரிப்ட் இயல்பாகவே வைத்திருக்கிறது, அதனால் கோப்பு மாறியதே மேகச் சேவைக்குத் தெரியாமல் போகலாம். அதை அமைப்பில் மாற்றலாம், ஆனால் அப்புறம் ஒரு சின்னத் தாளைச் சேர்த்தாலும் பெட்டகம் முழுவதையும் மறுபடி ஏற்ற வேண்டி வரலாம். மேகத்துக்கு இது பொருத்தமில்லை. கோப்பு கோப்பாகப் பூட்டும் கிரிப்டோமேட்டர் அதற்குச் சரியான ஆள். கைப்பேசிக்கும் இவர்கள் தரும் செயலி கிடையாது, போனில் அடிக்கடி ஆவணம் தேவைப்படுகிறவர்களுக்கு இது நிச்சயம் தொந்தரவு. மேக் வைத்திருப்பவர்கள் மேக்ஃபியூஸ் மாதிரி ஒரு துணை மென்பொருளையும் நிறுவ வேண்டும். தோற்றம் பழைய விண்டோஸ் காலத்து ஜன்னல்தான், எனக்கு அது பொருட்டில்லை, அம்மாவுக்கு ஒரு தாளில் படம் வரைந்து கொடுக்க வேண்டியிருந்தது.

பலர் விட்டுவிடும் ஒன்று: கோப்பைப் பெட்டகத்துக்குள் போட்டுவிட்டு வெளியே இருப்பதை டிலீட் செய்தால் அது உடனே அழிந்துவிடாது, மீட்பு மென்பொருள் போட்டு எடுத்துவிடலாம். சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் விண்டோஸில் சைஃபர் என்ற கட்டளை இருக்கிறது, காலி இடத்தை எல்லாம் மேலே எழுதி நிரப்பிவிடும், ராத்திரி ஓட விட்டுப் படுத்துவிட்டேன். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் இந்த உத்தரவாதம் இல்லை. அதனால் புதிய டிஸ்க் வாங்கியவுடனே முதலில் பெட்டகத்தைச் செய்து, தாள்களை நேராக அதற்குள் ஸ்கேன் செய்வதுதான் உத்தமம். பெட்டகம் திறந்திருக்கும் நேரத்தில் கணினியில் வைரஸ் இருந்தால் அதற்கும் எல்லாம் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு மணி நேரம் தொடாமல் இருந்தால் தானாக மூடிக்கொள்ளும் வசதி அமைப்பில் இருக்கிறது, அதை முடுக்கிவிட்டேன்.

விண்டோஸ் டிஸ்க்கை மொத்தமாகப் பூட்ட நினைத்தால் வெராகிரிப்டை விட விண்டோஸில் வரும் பிட்லாக்கர்தான் வீட்டுக்குத் தோதானது. ப்ரோ பதிப்பில் முழுதாக இருக்கிறது, ஹோம் பதிப்பிலும் புதிய லேப்டாப்கள் பலவற்றில் சாதனக் குறியாக்கம் என்று அதன் எளிய வடிவம் வருகிறது. அதன் மீட்புச் சாவியை மட்டும் அச்செடுத்து அந்தப் பீரோ உறையிலேயே சேர்த்துவிடுங்கள். நான் இப்போது டிஸ்க்குக்கு பிட்லாக்கர், முக்கியமானவற்றுக்கு வெராகிரிப்ட் பெட்டகம் என்று இரண்டையும் வைத்திருக்கிறேன். அடுத்த முறை கடையில் பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும், அப்போது விண்டோஸும் அதிலுள்ள படங்களும் திறக்கும், பெட்டகம் திறக்காது.

நான் எதிர்பார்க்காத ஒரு பலனும் கிடைத்தது. பூட்டுவது வேறு, பேக்கப் வேறு, டிஸ்க் கெட்டால் பெட்டகமும் போய்விடும், அதனால் இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்க வேண்டும். முன்பெல்லாம் எங்கள் தாள்கள், படங்கள் எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் போட்டு யார் வீட்டிலாவது கொடுத்து வைக்க மனம் வந்ததில்லை, தொலைந்தால் யார் கையில் சிக்குமோ என்ற பயம். பொங்கலுக்குத் திருச்சி போனபோது பெட்டகத்தின் நகலை ஒரு சின்ன டிஸ்க்கில் போட்டுத் தங்கையிடம் கொடுத்தேன். "இதுல என் கல்யாண போட்டோவும் இருக்காண்ணே?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். வாங்கி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, அந்த ஆறு சொற்களைத் தனக்கும் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.