இரட்டை 24 வோல்ட் சப்ளை: டயோடா, மாஸ்ஃபெட்டா, நேராக கன்ட்ரோலருக்கேவா?

பினாங்கில் பாயான் லெப்பாஸ், பிறை பக்கம் ஆலைப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. இயந்திரங்களை ஓட்டும் கன்ட்ரோலருக்கு (பிஎல்சி), ஒன்று போனாலும் மற்றது தாங்கட்டும் என்று இரண்டு டிசி பவர் சப்ளை போடுவதாக முடிவாகிவிட்டது, சரி, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

இரண்டின் பிளஸையும் ஒரே டெர்மினலில் முறுக்கிவிடும் வழியை முதலிலேயே தள்ளிவிடுங்கள். ஒன்றின் வெளியீட்டில் இருக்கும் கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் நல்ல சப்ளையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

கரண்டை ஒரே திசையில் மட்டும் விட்டு, கெட்ட சப்ளையை நல்லதிலிருந்து பிரித்து வைக்கும் டயோட் மாட்யூல் விலை குறைவு, உள்ளே கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை, அதனால்தான் பழைய ஆட்களுக்கு அதன்மேல் நம்பிக்கை. அதன் குறை வோல்டேஜ் இழப்பும் சூடும். சுமார் 0.6 வோல்ட் அதிலேயே போய்விடும். 20 ஆம்பியர் ஓடினால் 12 வாட் வெப்பம், அதுவும் மூடிய பேனலுக்குள், நம்ம ஊர் வெயிலில். அதே வேலையை டிரான்சிஸ்டர் சுவிட்சால் செய்யும் மாஸ்ஃபெட் மாட்யூலில் இழப்பு 0.1 வோல்ட் அளவுதான், அதே கரண்டுக்கு 2 வாட்.

அரை வோல்ட் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் தூரத்து ஐ/ஓ ரேக் (சென்சார், வால்வு வயர்கள் வந்து சேரும் இடம்) வரைக்கும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 20 மீட்டர் தள்ளி, 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 5 ஆம்பியர் என்றால் போக வர 40 மீட்டர், கேபிளிலேயே கிட்டத்தட்ட 2.4 வோல்ட் விழும். டயோட் வழியாக வந்த 23.4 அங்கே 21-க்கு இறங்கிவிடும். சீமென்ஸின் எஸ்7-1200 மாதிரியான கன்ட்ரோலர்கள் கேட்கும் குறைந்தபட்சம் 20.4, ஆக மிச்சம் 0.6 வோல்ட்தான். மாஸ்ஃபெட்டில் மிச்சம் 1.1. டயோடைத்தான் போடப்போகிறீர்கள் என்றால் சப்ளையை 24.6-க்கு ஏற்றிவிடுங்கள், உச்ச வரம்பு 28.8 என்பதால் பயமில்லை. இரண்டு சப்ளையும் ஒரே அளவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் உயர்ந்து நிற்பதுதான் சுமை முழுவதையும் தூக்கும்.

ஆனால் எந்த மாட்யூல் ஆனாலும் அதிலிருந்து கன்ட்ரோலருக்குப் போவது ஒற்றை வயர்தானே? அந்த ஸ்க்ரூ தளர்ந்தால் இரண்டு சப்ளையும் உயிரோடு இருக்க, கன்ட்ரோலர் மட்டும் அணைந்துவிடும். அதனால் என் முதல் தேர்வு, கன்ட்ரோலரிலோ ரேக்கிலோ இரண்டு டிசி இன்புட் இருந்தால் தனித்தனியாக அவற்றுக்கே கொண்டுபோவது. ராக்வெல்லின் கன்ட்ரோல்லாஜிக்ஸ் கன்ட்ரோலரில் இதற்கென்றே சேசிஸுக்கு வெளியே வைக்கும் இரண்டு சப்ளையும் ஒரு அடாப்டரும் உண்டு. செலவு கூடும்தான், ஆனால் நிற்கக் கூடாத லைனுக்கு அது தகும். ஒரே இன்புட் உள்ள சின்ன கன்ட்ரோலருக்கு மாஸ்ஃபெட் மாட்யூல் போதும். மாட்யூலுக்கு அப்புறம் வரும் பிளஸ், மைனஸ் இரண்டையும் இரட்டை வயராக இழுத்து, நுனியில் ஃபெரூல் (சின்ன உலோகக் குழல்) போட்டு இறுக்குங்கள்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு இரண்டு சப்ளைக்கும் ஒரே எம்சிபியிலிருந்து (சர்க்யூட் பிரேக்கர்) லைன் எடுத்தால் அத்தனையும் வீண். வேறு வேறு ஃபேஸ், முடிந்தால் ஒன்று யூபிஎஸ் பக்கம். இடிமழை நாளில் வரும் டிப் (வோல்டேஜ் சட்டென்று இறங்குவது) மூன்று ஃபேஸையும் சேர்த்து இறக்கலாம், சாதாரண சப்ளை தாங்குவது ஏறக்குறைய 20 மில்லிசெகண்ட்தான். செமிகண்டக்டர் ஆலைகள் பின்பற்றும் செமி எஃப்47 விதியோ வோல்டேஜ் பாதியாக இறங்கினாலும் 200 மில்லிசெகண்ட் தாங்கு என்கிறது. அந்த இடைவெளியை டயோடும் நிரப்பாது, மாஸ்ஃபெட்டும் நிரப்பாது, அதற்குத் மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக் கொடுக்கும் பஃபர் மாட்யூல் ஒன்று தனியாக வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு சப்ளையிலும் வெளியீடு சரியாக இருக்கிறதா என்று காட்டும் டிசி ஓகே கான்டாக்டை கன்ட்ரோலரின் இன்புட்டில் கட்டி அலாரம் வையுங்கள். ஒன்று செத்துக் கிடப்பது தெரியாமல் மாதக்கணக்கில் மற்றொன்றில் ஓடிக்கொண்டிருக்கும் பேனல்கள் நிறைய. பேனலை ஒப்படைக்கும் முன் ஒரு சப்ளையை அணைத்துவிட்டு, முழு லோடில், கடைசி ஐ/ஓ ரேக்கின் டெர்மினலில் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். பிறகு மற்றதை அணைத்து அதையே செய்யுங்கள்.